மூடியில் ஒட்டியிருந்தது

தெர்மாகோல் பெட்டியைத் திறக்கும்போது எழும் கீச்சொலி இன்னும் என் பல்லைக் கூச வைக்கிறது. நேற்று எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பனிப்பொதிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுனியளவு குப்பி. ஆய்வகத்தில் எலியின் நோய் எதிர்ப்பு அணுக்களை வளர்க்க உதவும் புரதம். நம்மைப் பிரித்த அதே சரக்கு.

நீ இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு ஆவூருக்கு வரச் சொல்லி உன் மனைவி அழைத்தார். "அண்ணே, அவுக ஒங்களப் பத்தி அடிக்கடி பேசுவாக" என்றார். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. பூசைக்குப் போகவும் இல்லை.

இலுப்பூரிலிருந்து நானும் ஆவூரிலிருந்து நீயும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்தோம். ஒருநாள் இந்தப் புரதத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சோறு போட்டபடி உன் அம்மா கேட்டார்: "எலியப் புடிச்சு அதுலேருந்து எடுக்குறாகளாப்பா?"

"இல்லம்மா. எலியோட மரபணுவக் கிருமிக்குள்ள வச்சு, கிருமியவே செய்ய வைக்கிறாக" என்றாய்.

"அப்ப எலிக்கும் வேலையில்ல, ஒங்களுக்கும் வேலையில்லன்னு சொல்லு."

விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் கோபம் கூடுகிறது. உன்னைப் பிடிக்காமல் இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

என் ஆய்வுக்கென்று வாங்கிய குப்பி வந்தபோது நான் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். பிரித்து வைக்கும்படி உன்னிடம் சொல்லியிருந்தேன். உனக்கு ஊரில் பாஸ்கா நாடக ஒத்திகை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொல்லும் இராயப்பர் வேடம். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், இயந்திரத்தில் வைத்துச் சுழற்றாமலே குப்பியைத் திறந்தாய். உலர்ந்த புரதம் கண்ணுக்குத் தெரியாது. வழிக் குலுக்கலில் மூடியின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். சுழற்றினால்தான் அடியில் இறங்கும். நீ குப்பியில் நீர் விட்டுக் கலக்கி, சின்னக் குழாய்களில் பங்கிட்டு உறைபெட்டியில் வைத்தாய். புரதம் ஒட்டியிருந்த மூடியைக் குப்பையில் எறிந்துவிட்டு ஊருக்குப் போனாய்.

அந்த நீரை நம்பி நான் வளர்த்த அணுக்கள் செத்தன. மறுபடி வளர்த்தேன், மறுபடி செத்தன. "குப்பியை யார் திறந்தது?" என்றார் பேராசிரியர். நான் உன்னைப் பார்த்தேன்.

"தெரியல சார். நான் ஊருக்குப் போயிருந்தேன்."

மேடையில் மூன்று முறை தேவைப்பட்டது. ஆய்வகத்தில் ஒரு முறையே போதுமாயிருந்தது. நான் குழாய்களை வெளியே வைத்துக் கெடுத்துவிட்டதாக அவர் முடிவு செய்தார். "ஐஸ்ல வைக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா ஆராய்ச்சி?"

அன்று டீக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஸ்பின் பண்ண மறந்துட்டேன் மாப்ள. பஸ் ஏறுனதுமே ஞாபகம் வந்துச்சு. அவருட்ட சொல்லிராத. நானே நேரம் பாத்துச் சொல்லிர்றேன்." நம்பினேன். அந்த நேரம் வரவேயில்லை. பேராசிரியர் ஆய்விலிருந்து என் பெயரை நீக்கினார். நீ பட்டம் பெற்று வெளிநாடு போய், திரும்பி வந்து பேராசிரியரானாய். நான் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் என்னை 'சார்' என்பது மரியாதைக்காக.

நேற்று, நான் பதிவேட்டில் கையெழுத்திட்டு நிமிர்வதற்குள், முதுகலை மாணவி ஒருத்தி அந்தக் குப்பியைத் திறந்துவிட்டாள். மூடியைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"சார், ஸ்பின் பண்ணாமத் தொறந்துட்டேன். நான்தான் சார்."

திட்ட வாயெடுத்தேன். "மூடியக் கீழ வச்சிராதம்மா" என்றுதான் சொன்னேன். மூடிக்குள் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, கழுவிக் குப்பிக்குள்ளேயே சேர்த்தோம். ஐந்து நிமிட வேலை.

நீ ஊருக்குப் போனது வெள்ளிக்கிழமை. அப்போதெல்லாம் ஆய்வகக் குப்பையைத் திங்கட்கிழமைதான் கொட்டுவார்கள். உனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி எனக்கு ஒரு போன் போட்டிருந்தால், காய்ச்சலோடு வந்து தொட்டியைக் கவிழ்த்து மூடியைத் தேடியிருப்பேன். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பேன். நீ டீ வாங்கிக் கொடுத்திருப்பாய். அத்தோடு முடிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஒரு மூச்சில் வந்த சொல்லுக்கு உன் ஆயுள் முழுதும் போதவில்லையாடா?

வேலை முடிந்ததும் அவள் மூடியைக் குப்பையில் போடப் போனாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதக் குனியும்போதெல்லாம் அது நெஞ்சில் குத்துகிறது. எடுத்து எறிய மனம் வரவில்லை.