நாற்பத்தோராம் இலக்கத் துண்டு

கடித இலக்கம் 4
எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
2025 ஒக்ரோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 10.40

விடயம்: எமது விமானப் பதிவேட்டில் 2024 மார்ச் 16ஆம் திகதிக்குரிய வரியைத் திருத்துதல்.

என் அன்புக்கு என்றும் உரிய செபமாலைக்கு,

நீர் போய் ஒரு வருடமும் ஐந்து மாதமும் பத்து நாளும் ஆகின்றன. "திகதி சொல்லி முடிஞ்சுதெண்டால் இனி விசயத்துக்கு வாரும் ஐசே" என்று நீர் அலுத்துக்கொள்வது கேட்கிறது. வருகிறேன். வழக்கம்போல் வரிசைப்படிதான் வருவேன்.

முந்திய மூன்று கடிதங்களையும் உமது கல்லறையில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்தேன். இதை மட்டும் அங்கே வைப்பதோடு எங்கள் சங்க மலரிலும் எல்லோரும் வாசிக்கக் கொடுக்கிறேன். காரணம் உண்டு. உமது நினைவுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நாங்கள் இருவரும் கட்டிய விமானத்தின் பதிவேட்டில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை" என்று பெருமை பேசினேன். அது உண்மையன்று. சபையில் சொன்னதைச் சபையில்தானே திருத்தவேண்டும்?

எம்மை அறியாத வாசகருக்காகச் சிலவற்றை எழுதுகிறேன், நீர் பொறுத்துக்கொள்ளும். நான் பேருந்து நேர அட்டவணைப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். நீர் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருந்தீர். இளமையில் எம் இருவருக்கும் விமானச் சத்தம் என்றால் பங்கர்க் குழிக்குள் ஓடி ஒளிவது என்றே பொருள். ஒரு நாள் நீர் குடியிருந்த ரொம்சோஸ் பகுதியின் ரயில் நிலைய வாசலில் அண்ணாந்து பார்த்தபடி நீர் சொன்னீர்: "சத்தம் கேட்டால் சனம் ஒளியாமல் வெளியில வந்து கை காட்டிற மாதிரி ஒரு பிளேன் செய்ய ஏலாதோ?" அப்படித்தான் தொடங்கியது. மரத்தாலும் துணியாலும், மேலே மூடியில்லாமல், ஓட்டுபவரின் முகம் தரையிலிருந்து தெரியக்கூடிய, அந்தக் காலத்துச் சாயலில் இரண்டு இருக்கை விமானம். வரைபடம் வாங்கினோம். 2013 ஒக்ரோபர் 5ஆம் திகதி, சனிக்கிழமை, உமது கட்டடத்தின் நிலவறையில் முதல் விலாவை ஒட்டினோம். இறக்கைக்கு வளைவு கொடுக்கும் குறுக்குச் சட்டத்தைத்தான் விலா என்கிறேன்.

மரமும் துணியுமான விமானத்துக்குப் பசைதான் உயிர். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே கிண்ணத்திலிருந்து எடுத்து இரண்டு சிறு மரத்துண்டுகளை ஒட்டி, இலக்கமிட்டு, அன்று ஒட்டிய பாகத்தின் பக்கத்திலேயே வைப்போம். ஒரு வாரம் கழித்து அதை வைஸ் என்ற இரும்புப் பிடியில் பூட்டிச் சுத்தியலால் அடிப்போம். மரம் பிளந்தால் பசை நல்லது. மரம் தப்பிப் பசை விட்டுப்போனால், அன்று ஒட்டிய அனைத்தையும் கழற்றவேண்டும். அடிப்பது நீர், எழுதுவது நான். பத்து வருடத்தில் நாற்பது துண்டுகள். நாற்பதிலும் மரமே பிளந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும், "எழுதும் கலண்டர், எழுதும். மணியையும் போடும், இல்லாட்டி உமக்கு நித்திரை வராது" என்பீர். கலண்டர் என்பது நீர் எனக்கு வைத்த பட்டம்.

நாற்பத்தோராம் துண்டுக்கு வருகிறேன்.

2024 மார்ச் 9, சனிக்கிழமை. நகரத்துக்கு வெளியே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பண்ணைக் கொட்டகை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை. நோயோடிருந்த உம்மை வரவேண்டாம் என்றேன்; நீர் கேட்கவில்லை. இடது இறக்கையின் கடைசி ஐந்து விலாக்களையும் இறக்கையின் நீளத்துக்கு ஓடும் நெடுஞ்சட்டத்தோடு ஒட்டினீர். தராசில் நிறுத்துப் பசை கலந்த உமது கை நடுங்கியதைப் பார்த்தேன். "கை நடுங்குது" என்றேன். "கைதானே நடுங்குது, தராசு நடுங்கேல்லையே" என்றீர். இறக்கையின் கீழே மின்சூடாக்கியை வைத்து, மேலே உமது வீட்டு நீலக் கம்பளிப் போர்வையைக் கூடாரம்போல் கட்டினோம். குளிரில் பசை இறுகாது என்பது எமக்குத் தெரியும்.

பிற்பகல் 3.15க்கு நீர் மரக்குற்றியில் இருந்து எழும்ப முடியாமல் இருந்தீர். பற்கள் அடித்துக்கொண்டன. அன்றுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது. உமக்குத் தெரிந்திருந்ததா?

அடுத்த சனிக்கிழமை அடிக்கவேண்டிய கை ஆஸ்பத்திரியில் இருந்தது. நான் தனியே கொட்டகைக்குப் போனேன். துண்டில் உமது பென்சிலில் 41 என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை வைஸில் பூட்டினேன், பிறகு கழற்றினேன். மேற்சட்டைப் பைக்குள் போட்டேன். பதிவேட்டில், "இல. 41. உடைக்கப்பட்டது. மரம் பிளந்தது. முற்பகல் 11.05" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் ஆயுளில் நான் எழுதிய ஒரேயொரு பொய்க்கும் நேரம் குறித்திருக்கிறேன், பாரும்.

நீர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, "உடைச்சனீரோ?" என்று கேட்டீர். "ஓம்" என்றேன். "மரம்தானே?" "மரம்தான்." நீர் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர். அந்தச் சிரிப்புக்காகச் சொன்னேன் என்று வாதாடலாம். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னமே எழுதியாகிவிட்டதே? உண்மை வேறு. அந்தத் துண்டில் பசை விட்டுப்போனால், உமது கடைசி வேலை பிழை என்று ஆகிவிடும். அதை அறிய எனக்குத் துணிவில்லை.

இந்தக் கோடையில் இறக்கைக்குத் துணி போர்த்தினேன். அதற்கு முன் எங்கள் விமான மன்றத்தின் பரிசோதகர் ஹோகோன் வந்து உள்ளே பார்த்தார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "கனகசபை எழுதியிருந்தால் நான் வேறு என்ன பார்க்க?" என்றார். தேநீர்க் குடுவையிலிருந்து இரண்டு கோப்பை ஊற்றினேன், ஒன்று அவருக்கு. அவர் போன பின்னரும் பழக்கத்தில் இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டே இருந்தேன். துணியை இழுத்துப் பிடிக்க மறுபக்கத்தில் ஆள் இல்லை. கவ்விகளால் சமாளித்தேன். கவ்விகள் கிண்டலடிப்பதில்லை.

செப்ரெம்பர் 13ஆம் திகதி உமது மனைவி ரெஜினா கொட்டகைக்கு வந்தா. முதல் முறை. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்னிருக்கையின் விளிம்பில் கை வைத்தா.

"இதிலயோ அவர் என்னை ஏத்திறன் எண்டவர்?"

"ஓம் தங்கச்சி."

"அப்ப நான் ஏறத்தான் வேணும். ஆர் ஓட்டினாலும் பரவாயில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது விழாதுதானே அண்ணை?" என்றா. உடனே அவவே சொன்னா: "நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள் எண்டால் எனக்குப் பயமில்லை."

செபமாலை, அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. அவவைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். மேற்சட்டையிலிருந்து துண்டை எடுத்து வைஸில் பூட்டினேன். மெதுவாகத்தான் அடித்தேன். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பசை, பழைய முத்திரை உறையிலிருந்து கழன்று வருவதுபோல், சத்தமில்லாமல் விட்டுப்போனது.

அங்கேயே நிலத்தில் இருந்தேன். "உம்மட கைதான் ஐசே, உம்மட கைதான்" என்று உம்மை ஏசினேன். மன்னியும். அதையும் திருத்தவேண்டியிருக்கிறது.

மறு சனிக்கிழமை ஹோகோனை அழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, கத்தியை நீட்டினார். நானே துணியைக் கிழித்தேன். ஐந்து விலாக்களும் பெருவிரலால் அழுத்தக் கழன்றன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பசையை நெடுநேரம் ஆராய்ந்தார். பின்பு சொன்னார்: "கலவையில் பிழை இல்லை. கோடு கோடாகப் பிரியவில்லை, பிசுபிசுப்பும் இல்லை. மிகக் கவனமாகக் கலந்திருக்கிறார். இது இறுகுவதற்கு முன் குளிர் பிடித்திருக்கிறது. அன்று சூடு நின்றுபோனதா?"

அப்போதுதான் நினைவு வந்தது. சூடாக்கி நிற்கவில்லை. போர்வைதான் இல்லை. நீர் நடுங்கிக்கொண்டிருந்தபோது இறக்கையின் மேலிருந்த போர்வையை உருவி உம்மைச் சுற்றிக் கட்டிக் காரில் ஏற்றினேன். ரொம்சோஸ் வரை அதற்குள்ளேயே முகம் மட்டும் தெரிய இருந்தீர். "பசை குளிரப்போகுது" என்று முணுமுணுத்தீர். நான், "வாயை மூடும்" என்றேன். பதிவேட்டில் அன்றைய சூட்டை 2.30க்கு அளந்து எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அளக்கவில்லை.

பிழை உமது கையில் இல்லை, செபமாலை. ஒன்றரை வருடமாக உமக்காக நான் மறைத்தது என் பிழையை. அன்றே அடித்துப் பார்த்திருந்தால், கட்டிலருகே வந்து, "நீர் சொன்னது சரி, குளிர்ந்துபோச்சு" என்று சொல்லியிருப்பேன். நீரும் ஒரு மாதம் என்னை நக்கலடித்துச் சிரித்திருப்பீர். அந்தச் சிரிப்பை நான் அல்லவா தட்டிப்பறித்தேன்?

ரெஜினாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். தலைகுனிந்து இருந்தேன். அவ எழுந்து அறைக்குள் போனா. கோபம் என்றே நினைத்தேன். நீலப் போர்வையோடு திரும்பி வந்தா.

"இதுவோ? ஆஸ்பத்திரியிலயும் இதுதான் வேணும் எண்டு நிண்டவர். பிளேன்ர போர்வை, பத்திரம் எண்டவர். எனக்கு விளங்கேல்லை. கொண்டுபோங்கோ அண்ணை. இன்னொண்டு, அந்தத் துண்டை இனி நான்தான் அடிப்பன். உங்களுக்குக் கை வராது."

பசையில் ஊறிய மரத்தை மீளப் பயன்படுத்த ஹோகோன் விடவில்லை. ஆகவே புதிய விலாக்கள் ஐந்து செய்தேன். நேற்று, ஒக்ரோபர் 11, சனிக்கிழமை, பிற்பகல் 1.20க்கு ஒட்டி முடித்தேன். நீர் சிரிப்பீர் என்பதால் சொல்கிறேன்: நேற்று இரவு வரை சூட்டை மணிக்கொரு தடவை அளந்தேன். இன்று காலையும் போய்வந்துதான் இதை எழுதுகிறேன்.

வருகிற 18ஆம் திகதி முற்பகல் 11 மணிக்கு ரெஜினா அடிப்பா. மரம் பிளந்தால் எழுதுவேன். பசை விட்டால் அதையும் எழுதுவேன், மறுபடி கழற்றுவேன். எத்தனை தடவையானாலும் சரி. புல்வெளியில் பனி கரைந்ததும் ஹோகோன் முதலில் தனியே பறந்து பார்ப்பார். அவர் திருப்தி என்று சொன்ன பிறகுதான் உமது மனைவி முன்னிருக்கையில் ஏறுவா. ரொம்சோஸ் கட்டடங்களுக்கு அப்பால் அது வரும்போது நான் கீழே நிற்பேன். சத்தம் கேட்டால் ஓடமாட்டேன். கை காட்டுவேன். உமக்கும் சேர்த்து இரண்டு கை.

ரெஜினா என்னை அண்ணை என்பதால், நீர் ஒருபோதும் அழைக்காத முறையில்,
உமது மச்சான்
கலண்டர் கனகசபை

இணைப்புகள்:
1. இல. 41 துண்டு, இரு பாதிகளும், உமது பென்சில் எழுத்துடன்.
2. பதிவேட்டின் திருத்திய பக்கத்தின் பிரதி. பொய்யான வரி வெட்டப்பட்டுள்ளது, அழிக்கப்படவில்லை.
3. நீர் ஒட்டிய ஐந்து விலாக்களில் கடைசியிலிருந்து ஒரு சாண் துண்டு.
4. இறக்கையிலிருந்து கிழித்த துணி, கைக்குட்டை அளவு.

போர்வை இணைக்கப்படவில்லை. அது இறக்கையின் மேல் இருக்கிறது.