மீனுக்கு எடுத்துப்போன சோறு

1951, புரட்டாசி, ஞாயிறு

இன்று ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. ஆற்றங்கரையில் சற்று உட்கார்ந்து வரலாம் என்று கூரையில் செருகியிருந்த தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பழக்கதோஷம், ஓர் உருண்டைச் சோற்றை இலையில் மடித்து இடுப்பில் செருகிவிட்டேன். காட்டிலிருந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, எஸ்டேட் வேலிக்கு வெளியே ஒரு பருக்கைகூடப் போகக்கூடாது என்பது வெள்ளைக்காரன் சட்டம். அது தெரியாதவளா நான்? மீனுக்கான இரையைச் சோறு என்று நான் நினைக்கவே இல்லை.

கேட்டில் சோதனை போடுகிறவள் எடுத்துவிட்டாள். யாருக்கு என்று காவல்காரன் மலாயில் கேட்டான். மீனுக்கு என்றேன். கங்காணி என் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

"ஒங்கண்ணன் காட்டுக்குள்ள போனது எஸ்டேட்டுக்கே தெரியும்லா. நீ சோத்த மடியில கட்டிக்கிட்டு வர்றியே, புத்தி இருக்கா?"

அங்கேயே தின்று காட்டச் சொன்னான் காவல்காரன். எல்லோரும் பார்க்கத் தின்றேன். தூண்டிலையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு எட்டு வயதில் அண்ணன் மூங்கில் வெட்டிச் செய்துகொடுத்தது அது. முள்ளைப் பாடாங் செராய்க்கு நடந்துபோய் வாங்கிவந்தான். முதல் நாளே இரையில் பாதியைத் தின்றுவிட்டேன். "அடியே, மீனுக்கும் கொஞ்சம் வைடி" என்று சிரித்தான். ஒரு கெண்டைகூடச் சிக்கவில்லை. ஆனாலும் லயத்து வீடுவரை என்னைத் தோளில் தூக்கி வந்தான்.

அசதியாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை. சத்தியமாக மீனுக்குத்தான் எடுத்துப்போனேன். அவனுக்கு எடுத்துப்போக எனக்குத் தோன்றவே இல்லையே.