பால் காய்ந்த சக்கரங்கள்

கரவனெல்ல

அன்பு மகன் உதயராஜுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நாங்கள் இருவரும் நடமாடும் அளவுக்குச் சுகம். அம்மாவின் கண்தான் இன்னும் மங்கிவிட்டது, போன பார்வை திரும்பாது என்று டொக்டர் சொன்னதை முன்பே எழுதியிருந்தேன்.

சித்திரைக்கு வருவேன், தோட்டத்து மலைப்பாதையில் ஓட என் பழைய சைக்கிளை டியூப் இல்லாமல் ஓடும்படி மாற்றி வையுங்கள் என்று டயர், டேப், வால்வு, முள் குத்தினால் துளையைத் தானே அடைக்கும் வெள்ளைத் திரவம் இரண்டு போத்தல் எல்லாம் அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பினாயே, அதைச் சரியாகச் செய்தேனா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். நீ எழுதியபடியே டியூபைக் கழற்றி, ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, கம்பித் துளைகள் மூட டேப்பை இழுத்து ஒட்டி, வால்வை வைத்து டயரை மாட்டினேன். போத்தலைத் திறந்ததும் அம்மா முகர்ந்து பார்த்து, "இது நம்ம ரப்பர் பாலுங்க, உறையாம இருக்க மருந்து போட்டிருக்காங்க, ஆயுசெல்லாம் நான் வெட்டி ஊத்துன பாலை என் மவன் எனக்கே பார்சல் போட்டிருக்கான் பாருங்க" என்று சிரித்தாள். கைப்பம்புக்கு டயர் ரிம்மைப் பிடிக்கவில்லை. உன்னோடு என் வகுப்பில் படித்த ஸப்வானின் டயர் கடைக்குக் கொண்டுபோனேன், சவர்க்காரத் தண்ணீர் தடவி அவன் மெஷினால் காற்றடிக்க, டப்டப்பென்று போய் உட்கார்ந்தது. "மாஸ்டர், மகன் வாறதுக்கு முன்ன நீங்க ஏறிப் பறந்திடாதீங்க" என்று கேலி வேறு.

நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய், நம்பினோம். அதே சித்திரையில் நியூசிலாந்து மலையொன்றில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டும் உன் படத்தைப் பிறகு ஸப்வான் தன் போனில் காட்டினான். பழைய படமாக இருக்கலாம் என்று நினைக்கப் பார்த்தேன், ஆனால் நீ போட்டிருந்த மஞ்சள் சட்டை இந்தப் பொங்கலுக்கு அம்மா அனுப்பியது. அவளிடம் சொல்லவில்லை. அவள் கண் மங்கியதில் எனக்குக் கிடைத்த ஒரே உதவி அது.

திரவம் சில மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்றுங்கள் என்று எழுதியிருந்தாய். காய்ந்துவிட்டது. சக்கரம் இரண்டும் தரையோடு படிந்தபின் பிரித்தேன், உள்ளே தோல் தோலாக இருந்ததை அம்மா விரலால் தடவி, "மரத்துல காஞ்சு ஒட்டிக்கிட்ட ஒட்டுப்பாலாப் போச்சே, மத்தப் போத்தலை ஊத்துங்க, புள்ள வர்ற நேரம் சைக்கிள் கெடக்கக்கூடாது" என்றாள். நான் பழைய டியூபையே போட்டேன். அவள் நம்புவதற்காகப் போத்தலைத் திறந்து வாசத்தை மட்டும் காட்டி, மூடிவிட்டேன்.

இனிச் சைக்கிளைப் பற்றி எழுதாதே, வரும் தேதியை எழுது. உன் முகம் தெரியும் அளவுக்கு அவளுக்கு இன்னும் எவ்வளவு காலம் பார்வை இருக்குமோ தெரியாது. நான் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள். குளிர் காற்றில் நெஞ்சைத் திறந்துகொண்டு ஓட்டாதே. முருகன் உன்னைக் காக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
வேலுசாமி

தேதி உறுதியானால் மட்டும் எழுது. அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியவன் நான்.