நாலு டிகிரி சாய்வு

நாள் 31 / காலை 09:10

நிலவுத் தளம், அசைவு ஆய்வறை. பதிபவர் அமலோற்பவம். வேலை, விளையாட்டு வீரர்களின் உடல் அசைவையும் நிற்கும் நிலையையும் அளப்பது.

கேமராக்கள் இருபத்திரண்டும் சரி. காற்றழுத்தம் சரி. இன்று பூரணி பதினோரு முறை தாண்டினாள். உயரம் தாண்டும் வீராங்கனை, வயது இருபத்திரண்டு, கோவில்பட்டிப் பக்கம். அதிகபட்சம் ஆறு மீட்டர் இருபது. இங்கே நம் எடை ஆறில் ஒரு பங்குதான், அதனால் முடிகிறது. குறுக்குக் கம்பியின் மேல் முதுகு வளைந்தது அழகு. அளவுக் குறிப்பில் 'அழகு' என்று எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

இது தளத்தின் பதிவேடு அல்ல. என் சொந்தக் குறிப்பு. எனக்குப் பிறகு இந்த அறைக்கு வருகிறவர் படிக்கலாம். வீரர்கள் இருப்பது சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம், நானூறு மீட்டர் தள்ளி. தொற்று பயம். பயிற்சியாளரும் திட்டத் தலைவர் கோதண்டமும் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. எனக்குத் தெரிந்த பூரணி, திரையில் நாற்பத்து மூன்று புள்ளிகளாக ஓடி வருகிறவள்.

நாள் 38 / முற்பகல் 11:40

பூரணி இடது காலை ஊன்றி எழும்போது வலது இடுப்பு நாலு டிகிரி இறங்குகிறது. போன வாரம் ஒன்று. உடம்பை இடது பக்கம் சாய்த்து அதை மறைக்கிறாள். அவளுக்கே தெரியாமல் செய்கிறாள். வலியுள்ள உடம்பு இப்படித்தான் ஏமாற்றும்.

என் கணிப்பு: இடது தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். இங்கே எடை குறைவு என்பதால் எலும்பு நாளுக்கு நாள் மெலிகிறது. தாண்டினால் முறியும். முறிந்தால் பூமிக்குத் திரும்பியும் சரியாக நடக்கமாட்டாள்.

பரிந்துரை: உடனே நிறுத்து. ஸ்கேன் எடு. கையெழுத்திட்டு கோதண்டத்துக்கு அனுப்பினேன்.

நாள் 39 / காலை 10:05

கோதண்டத்தின் பதில், உள்தொடர்பில்:

"பார்த்தேன் அமலி. நல்லவேளை கண்டுபிடிச்ச. இன்னிக்கே நிறுத்தறேன். லேசான பயிற்சி மட்டும். நீ கவலைப்படாத."

பதினைந்து வருடம் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆய்வுக்கூடம். இந்தக் கேமராக்களின் மென்பொருளை நாங்கள் இரண்டு பேரும்தான் எழுதினோம். நிம்மதி.

நாள் 47 / மாலை 15:30

சாய்வு ஒரு டிகிரிக்கும் கீழே. ஓய்வு வேலை செய்திருக்கிறது. ஸ்கேனில் விரிசல் இல்லையாம், தாழ்ந்த கம்பியில் மட்டும் தாண்ட விடுகிறானாம். கோதண்டம் தன் பெட்டியிலிருந்து தூத்துக்குடி மக்ரூன் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினான். சப்புச் சப்பென்று இருந்தது, இருந்தாலும் ஊர் ருசி. எல்லாவற்றையும் தின்றேன்.

நாள் 52 / காலை 10:50

ஒரு பிழை. என்னுடையதாக இருக்கட்டும் என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

நேற்று வந்த நான்காவது தாண்டலும் நாள் 12-இன் ஏழாவது தாண்டலும் ஒன்றே. ஏறத்தாழ அல்ல. நாற்பத்து மூன்று புள்ளிகளும், கடைசி மில்லிமீட்டர் வரை. எந்த மனுஷியும் ஒரு தாண்டலை இரண்டு தடவை தாண்டியதில்லை.

நாள் 39-க்குப் பிறகு எனக்கு வந்தது எல்லாமே பழையது. தேதி மட்டும் புதிது. இதைச் செய்ய இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் செய்யவில்லை.

நாள் 52 / பிற்பகல் 13:35

சுரங்கக் கதவு என் அட்டையை ஏற்கவில்லை. வீரர்கள் பக்கம்தான் எனக்கு அனுமதி இல்லை; இந்தப் பக்கக் கதவு நேற்று வரை திறந்தது. பூமிக்கு எழுதிய செய்தி 'தலைவர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று நிற்கிறது.

பழுது பார்ப்பவர்களின் சுவர் ஃபோனில் வீரர்களின் சாப்பாட்டு அறைக்கு அடித்தேன். பூரணியே எடுத்தாள். அமலோற்பவம் பேசுகிறேன் என்றேன். முதல் முறையாக அவள் குரலைக் கேட்டேன்.

"ஏக்கா, நீங்களா? நீங்க சொன்ன மாதிரியே செய்யுதேன். கால் ஊனும்போதுதான் சுருக்குங்குது."

"நான் என்ன சொன்னேன்?"

"வெறும் தசை வலி, தாண்டத் தாண்டச் சரியாயிரும்னு. நடந்துகூடக் காட்டுனீங்களே வீடியோவுல. மறந்துட்டீங்களா? பத்து நாளா அதத்தான செய்யுதேன்."

"பூரணி, அது நான் இல்ல. தாண்டாத. கேக்குதா? தாண்டா—"

லைன் அறுந்தது. மறுபடி அடித்தேன், ஃபோனே செத்திருந்தது. என் கடைசிச் சொல் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா, தெரியாது.

நாள் 53 / மாலை 16:00

வீடியோவைக் கண்டுபிடித்தேன். எங்கள் சேமிப்பிலேயே இருக்கிறது. கோதண்டம் ஒளித்துக்கூட வைக்கவில்லை.

வெள்ளைச் சட்டையில் நான் நிற்கிறேன். இடது தோள் சற்றே உயர்ந்து. என் நடை. கையை இடுப்பில் வைத்து, "ஒண்ணுமில்லமா, தசை வலிதான்" என்கிறேன். கேமராக்களைப் பழக்க எட்டு வருடத்துக்கு முன்னால் நானே அவற்றின் முன் இரண்டு நாள் நடந்தேன், குனிந்தேன், பேசினேன். கோதண்டம்தான் பதிவு செய்தான். அதை வைத்துக் கணினியில் இந்த என்னைச் செய்திருக்கிறான்.

உலகத்தில் பொய் நடையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்று மணி நேரம் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை.

நாளை பூரணியின் சாதனை முயற்சி, பூமிக்கு நேரடி ஒளிபரப்பு. கம்பி ஏழு மீட்டர்.

நாள் 54 / மாலை 17:20

16:41. சாதனையை அளக்க வேண்டும் என்பதால் இன்று நேரடிப் புள்ளிகளையே என் திரைக்கு விட்டிருந்தான். அவள் ஓடத் தயாராக நின்றபோது கேமராக்களின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். இருபத்திரண்டும் அணைந்தன. கேமரா அளக்காத தாண்டலைச் சாதனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் நிறுத்துவார்கள் என்று நம்பினேன்.

நிறுத்தவில்லை. வேறு அளவுக்கருவி வைத்திருந்தான். ஒளிபரப்புக்குத் தனிக் கேமரா.

என் திரை இருட்டு. ஒலிபெருக்கி மட்டும். ஓடும் காலடிகள், ஒன்பது எண்ணினேன். ஊன்றும் அடி. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தம், காய்ந்த மட்டையை முறிப்பது மாதிரி. பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. இங்கே விழுவதற்கும் நேரம் ஆகும். பிறகு அவள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

நான் எதையும் பார்க்கவில்லை. நானே அணைத்திருந்தேன்.

நாள் 55 / காலை 08:15

கோதண்டம், உள்தொடர்பில். முழுவதையும் எழுதுகிறேன்.

"அமலி, உட்கார்ந்து கேளு. பூரணி பிழைச்சுட்டா. கால் தேறாது. விசாரணை வரும். அவங்க கையில இருக்கறது உன் வீடியோ, 'தாண்டலாம்'னு உன் கையெழுத்துப் போட்ட அறிக்கை. முக்கியமான நேரத்துல கேமராவ அணைச்சதும் நீதான். அத நான் உன்ன செய்யச் சொல்லல."

"நாள் 38-ல நான் அனுப்பினது எங்கே?"

"அப்படி ஒண்ணு இல்ல."

"ஏன்டா?"

"நிறுத்தியிருந்தா இந்தத் தளத்தையே மூடியிருப்பாங்க. நம்ம பதினஞ்சு வருஷம் போயிருக்கும். உனக்கும் சேர்த்துத்தான் செஞ்சேன்."

"அவகிட்ட நான் பேசணும்."

"பேசேன். நான் தடுக்கல."

தடுக்காதது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

நாள் 57 / முற்பகல் 11:05

மருத்துவ அறைக்கு வீடியோ அனுப்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா முன் எழுந்து நின்று, இதுதான் நிஜமான நான் என்றேன். இன்று பூரணியின் பதில். குரல் மட்டும்.

"பாத்தேங்க்கா. அன்னைக்கு வந்ததும் இதே சட்டை, இதே குரல். அன்னைக்கும் இப்படித்தான் பாசமாப் பேசுனீங்க. இதுல எது நீங்கன்னு நான் எப்படிக்கா கண்டுபிடிப்பேன்? எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்கு. இனிமே எதுவும் அனுப்பாதீங்க."

நான்கு தடவை கேட்டேன். அவளைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நாள் 58 / பிற்பகல் 14:20

15:00 மணிக்கு என்னைத் திரும்பும் கலத்தில் ஏற்றுகிறார்கள். அறையின் கணினிகளை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார்கள். இது ஒன்றுதான் பாக்கி.

அடுத்த வீரர் குழு ஒன்பது நாளில் இறங்குகிறது. ஐந்து பேர். அவர்களுடைய அட்டவணை இப்போதுதான் என் திரைக்கு வந்தது, தவறுதலாக என்று நினைக்கிறேன். நாள் 68, காலை ஒன்பது மணி: 'உடல் நிலை ஆலோசனை. வழங்குபவர் அமலோற்பவம்.' நாள் 69-இலும் அதே பெயர். நாள் 70. கடைசி வரை.

நான் பூமியில் விசாரணைக் கூண்டில் நிற்பேன். வீடியோவில் இருக்கும் அவள் இங்கேயே இருப்பாள்.

14:31. இதைப் படிக்கிறவர் அந்த ஐவரில் ஒருவராக இருந்தால். உங்கள் உடம்பு சொல்வதை மட்டும் நம்புங்கள். எங்காவது வலித்தால் தாண்டாதீர்கள். பயிற்சியாளர் சொன்னாலும் சரி. நானே நேரில் வந்து, சிரித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொன்னா