ஆகத்தம்மாளுக்கு யார் முகம்?

போலோஞ்ஞா, கன்னியர் மடம்
1662 ஜனவரி 9

அன்புத் தங்கை ஜினேவ்ராவுக்கு அக்கா ஓர்சொலா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நீ வரைந்த புனித ஆகத்தம்மாள் படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வந்த அன்றே கூத்து. அவள் கையிலுள்ள தட்டைப் பார்த்துவிட்டு அடுக்களைச் சகோதரி பெலிசித்தா, "ரொட்டி ரெண்டும் சரியாவே வேகலையே" என்றாள். "ரொட்டி இல்லடி, அந்தப் புண்ணியவதியோட மார்பு. பாவிங்க அறுத்துட்டாங்க" என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு குழறிவிட்டது. அன்று யாரும் ரொட்டி தின்னவில்லை.

என் குழப்பம் வேறு. படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உடனே என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். மோவாய் நம் அம்மாவுடையது போலிருக்கிறது. ஆனால் அம்மா யாரையும் இப்படிக் கோபமாக முறைத்ததில்லையே! மடத்துத் தலைவி பெரிய தாயார் கறாராகச் சொல்லிவிட்டார்: "யாரு மொகம்னு ஒன் தங்கச்சிகிட்ட கேளு. உசுரோட இருக்கிறவ மொகமா இருந்தா பீடத்துல ஏத்தமாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்." பிப்ரவரி ஐந்து ஆகத்தம்மாள் திருநாள். சீக்கிரம் எழுது.

ஓர்சொலா

ஜனவரி 16

அக்கா,

விளையாடுகிறாயா? உன் முகம் உனக்கே தெரியவில்லையா? கண்ணாடியில் பார்.

"ரெண்டு பொண்ணுக்கும் மாப்பிள்ளை தேட என்னால ஆகாது. சின்னவ நல்லா வரையுறா, என் ஓவியப் பட்டறைக்கு வேணும். நீ மடத்துக்குப் போ" என்று அப்பா சொன்னபோது நீ என்னைப் பார்த்தாயே, பதினொரு வருடமாக என்னை விடாத அந்தப் பார்வையைத்தான் வரைந்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன்.

முதன்முதலாக அப்பா பெயரை விட்டு என் பெயரைப் போட்ட படம் இது. திரும்பி வந்தால் ஊர் சிரிக்கும், அதன்பின் எனக்கு யார் வேலை தருவார்கள்? ஆனாலும் பெரிய தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிடு. என்னை மன்னித்தாயா இல்லையா, அதையும் சொல்.

ஜினேவ்ரா

பிப்ரவரி 6

என் கண்ணே,

இங்கே ஏதடி கண்ணாடி? மடத்தில் நுழைந்த நாளோடு அது போயிற்று. பெலிசித்தாவிடம் கெஞ்சி, செப்புப் பானை மூடியைச் சாம்பல் போட்டுத் துலக்கி, அதில் பார்த்தேன். அழுதுவிட்டேன். பதினெட்டு வயதில் எப்படி இருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது உன் ஆகத்தம்மாளுக்கு நான் பெரியம்மா மாதிரி இருக்கிறேன்.

பெரிய தாயாரிடம், "செத்துப்போன எங்க அம்மா மொகம் தாயாரே" என்றேன். "அதான் ஒன் ஜாடை அடிக்குது" என்று தலையாட்டினார். நேற்றுப் படம் பீடம் ஏறிவிட்டது. இந்தப் பொய்யைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. மூக்கு, மோவாய் எல்லாம் என்னுடையவைதான். அந்தக் கோபத்தை மட்டும் மூடியில் மூன்று முறை தேடினேன், இல்லையடி. அன்றும் இருக்கவில்லை. எனக்கு அன்று பயம், அவ்வளவுதான். நீ யாருடைய கோபத்தை வரைந்தாய்?

பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட நீ வரவில்லை. வா. மடத்துச் சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போ.

உன் அக்கா
ஓர்சொலா