உன் கட்டிலுக்குக் கீழே கிடக்கும் வயர்

மூதூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஸஜ்ஜாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான், உன் வாப்பா, தங்கச்சி றுமானா மூவரும் சுகம், என் கோபமும் நல்ல சுகத்தோடு இருக்கிறது. கட்டாரில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், போன கிழமையிலிருந்து உன் புத்திக்கும் சேர்த்துக் கேட்கிறேன். போன் இருக்க எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். நான் அனுப்பும் வொய்ஸை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாயாம், உன்னோடு ஒரே அறையில் இருக்கும் அப்துல் மஜீத் லீவில் வந்த இடத்தில் சொல்லிவிட்டான். கடுதாசியை அப்படி ஓடவிட ஏலாது. நான் சொல்லச் சொல்ல றுமானா எழுதுகிறாள், மஜீத் திரும்பி வரும்போது உன் கையில் தருவான். (நானா, உன் தங்கச்சி றுமானாதான் இது. கோபம் உம்மாவுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சரக்கு, அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டமாட்டேன்.)

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன் என்றாய். பெருநாளைக்கு வந்தது ஒரு பெட்டி. வெளிநாட்டுப் பெட்டியைத் தனியே உடைத்தால் ஊர் கதைக்கும் என்று மாமி வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துத்தான் உடைத்தோம். உள்ளே என் கம்ப்யூட்டருக்கு முப்பத்திரண்டு அங்குலத் திரை, நாலு கேயாம், புள்ளி நாலு மடங்காம். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டரில் கொழுவிப் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு. கல்யாணக் கார்டு அடிக்கும் என் பழைய புரோகிராமில் எந்தப் பட்டன் எங்கே என்றே தெரியவில்லை. மவுஸை இழுத்தால் அம்பு நொண்டி நொண்டிப் பின்னால் வருகிறது. வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "தோணிய வாங்கிப்போட்டு மெஷினைத் தேடுற வேலையா இது" என்று கேட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். (திரை என்றால் மறைப்பதற்குத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.)

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். கலீலுர் றஹ்மான் ஹாஜியார் மகளின் கார்டுக்கு எழுத்துப் பார்க்க வந்தார்கள். உனக்குத் தெரியும், பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் என் முதுகுக்குப் பின்னால் கதிரை போட்டிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் நான் அச்சுக்குக் கொடுப்பது. அவ்வளவு பேருக்கு முன்னால், ஒரு புள்ளியை நகர்த்தப் போய் நான் மாப்பிள்ளையின் வாப்பாவையே பிடித்து இழுத்துவிட்டேன். அம்பு நின்ற பிறகு பார்த்தால் அந்த மனிசன் கார்டின் அடியில், மண்டபத்து விலாசத்துக்குக் கீழே கிடக்கிறார். றுமானா சிரித்துத் தொலைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் எழும்பிவிட்டார்கள். ஹாஜியார் என்னிடம், "மகன் ஊருக்கே தெரியிற மாதிரிப் பெரிய சாமான் அனுப்பியிரிக்கார் தங்கச்சி, எங்கட எழுத்துத்தான் தெரியுதில்ல" என்று சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியையும் குடிக்காமல் போனார். கார்டை டவுனில் அடிப்பிக்கிறார்களாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிந்திய கல்யாணக் காலம் இது, ஒரு வீட்டார் கோபித்துப் போனால் அடுத்த வீட்டாரும் யோசிப்பார்கள். இத்தனை வருசமாக ஒரு பெயர் பிழைக்காமல் அடித்த கை என் கை.

அன்றைக்கே போனில் உன்னிடம் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "உங்கட கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டி உம்மா, அதத் தூக்கிப்போட்டுப் புதுசு எடுங்க." தொப்பி பெரிதென்றால் தலையையா மாற்றுவது? நீ விமானம் ஏறும்வரை இந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்தப் பெட்டிதான். அதற்குத் தனிக் கார்டு இல்லை, படம் காட்டும் வேலையும் அதன் மூளைக்குள்ளேயேதான் என்று உனக்கு முதலே தெரியுமே. தெரிந்தவன் என்ன செய்ய வேண்டும்? பெட்டிக்குப் பின்னால் வயர் கொழுவ என்ன வாய் இருக்கிறது, எவ்வளவு இழுக்கும் என்று தங்கச்சியிடம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டல்லவா கடைக்குப் போக வேண்டும். எழுத்தை றுமானா இரண்டு மடங்காக்கித் தந்தாள், அப்போதும் பழைய திரையில் தெரிந்த அளவுதான் தெரிந்தது. அதற்கு எதற்கு நாலு கே? புள்ளி குறைந்த, இருபத்தேழு அங்குலத்தில் ஒன்று எடுத்திருந்தால் என் பெட்டி மூச்சு வாங்காமல் இழுத்திருக்கும். நீ என்னிடமும் கேட்கவில்லை, பெட்டியிடமும் கேட்கவில்லை, அறையில் இருக்கும் பொடியன்களிடம் கேட்டாய். (இந்த இடத்தில் உம்மா சொன்ன இரண்டு வசனங்களை விட்டுவிட்டேன். வழியில் மஜீத் நானா பிரித்து வாசித்தால் உனக்குத்தான் மானக்கேடு.)

இனித்தான் பெரிய கதை. திரை வந்த அட்டைப் பெட்டியில் வயர் வைக்க இரண்டு குழி, ஒன்று வெறும் குழி என்று றுமானாதான் கண்டுபிடித்தாள். என் கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஒரு மூலை வெட்டின மாதிரி இன்னொரு வாய் இருக்கிறது. நீ அனுப்பிய வயரால் இந்தப் பெட்டி செக்கனுக்கு முப்பது தடவைதான் படம் காட்டுமாம், மற்ற வாயால் அறுபது தடவை காட்டுமாம், நொண்டாதாம். மஜீதிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "ஸஜ்ஜாத்தான் பெட்டி கட்டுற நேரம் அந்த வயர வெளியில எடுத்தவன், வீட்டுக்கு ஒண்டு போதும் எண்டவன், இப்பயும் அவன்ட கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு" என்றான். என் மானத்தைக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டு எப்படி மகன், மேலே படுத்து நித்திரை கொள்கிறாய்?

இப்போது மேசையில் பழைய திரைதான் இருக்கிறது. உன்னுடையதைச் சீலை போட்டு மூடி அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். வெயிலில் வேலை செய்யும்போது தலையில் ஈரத்துணி போடு, நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஒரு சாமானை வாங்க முன் அதன் பின்பக்கத்தைப் பார்க்கும் அறிவையும் தரட்டும். அந்த வயரை யாருடைய பையிலும் போட்டு அனுப்பாதே. திரை நீ இல்லாமல் வந்தது போதும். வயரை நீயே கொண்டுவந்து, நீயே குனிந்து கொழுவு.

கோபம் ஆறாத உன் உம்மா,
ரபீக்கா.

(உம்மா தொழ எழும்பிவிட்டா, உறையை ஒட்ட முன் ஒன்று. அந்த வயர் இங்கே கிடைக்காது என்று நினைக்காதே. நேற்று நாங்கள் இருவரும் டவுனுக்குப் போனபோது ஒரு கடை வாசலிலேயே தொங்கியது, மூலை வெட்டின அதே வாய். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வயரைப் பார்த்தா. பிறகு, "பஸ் போகப்போகுது, நட" என்றா.)