என் பெயரில் போன மெசேஜ்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே அனல். திருப்பதி ஓட்டல் ஒன்றில் பயிற்சி, எங்கள் மோட்டார் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு முழுக்க. ஏசி பேருக்கு.

தலைப்பு: ஆட்டோமேஷன் காலத்தில் கொள்முதல் செய்பவருக்கு வேண்டிய திறன்கள். நடத்தியவர் பெங்களூர்க்காரர். தரவு படிப்பது, ரிஸ்க் கணிப்பது, ஒப்பந்தச் சட்டம். கடைசியில் 'சப்ளையருடன் உறவு'. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் அதைத் தாண்டிவிட்டார்.

சின்ன சப்ளையர்களிடம் நாங்கள் இனி விலை பேச வேண்டாமாம். புரோகிராமே மெசேஜ் அனுப்பிப் பேசும். தமிழ், தெலுங்கு இரண்டும் வரும்.

சாம்பாரில் உப்பு அதிகம்.

ஜூன் 12, புதன்

தலைவலி. மாத்திரை வாங்க மறதி.

திரையில் முனிரத்தினம் அண்ணனின் புது விலை. வடமாலபேட்டையில் அட்டைப்பெட்டி செய்பவர். எங்கள் மோட்டார்கள் அவர் பெட்டியில்தான் போகும். குவைத்தில் லாரி ஓட்டிச் சேர்த்ததில் போட்ட பட்டறை. அவர், மனைவி கஸ்தூரி அக்கா, சில ஒடிசா ஆட்கள். இந்த விலைக்குக் காகிதம்கூட வாங்க முடியாது. போன் செய்தேன்.

"ஏண்ணா இவ்ளோ கொறைச்சீங்க?"

"நீங்கதானம்மா கேட்டீங்க."

"நானா?"

"நேத்து பூரா மெசேஜ் போட்டுக்கினே இருந்தீங்களே. 'அண்ணா, இன்னும் கொஞ்சம் பாருங்க'ன்னு. வேற யாராச்சும்னா முடியாதுன்னுட்டு இருப்பேன். நீங்க கேக்கசொல்ல எப்டிம்மா மறுக்கிறது?"

புரோகிராம் என் பெயரில் பேசியிருக்கிறது. 'அண்ணா' உட்பட, என் பழைய மெசேஜ்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

மேனேஜர் பிரசாத் சாரிடம் போனேன். என் பெயரை எடுங்கள், அந்த விலையை ரத்து செய்யுங்கள் என்றேன்.

"மீ பேரு உண்டே ஒப்புகுண்டாரம்மா." சிரித்துக்கொண்டே சொன்னார். என் பெயர் இருந்தால்தான் ஒத்துக்கொள்கிறார்களாம். பாராட்டுபோலச் சொன்னார். விலை லாக் ஆகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம்.

மாலை அண்ணனுக்கு போன். அது நான் இல்லை என்றேன்.

"அப்ப யாரும்மா?"

"கம்ப்யூட்டர்ணா."

"கம்ப்யூட்டரா என்னை அண்ணான்னு கூப்ட்டுச்சு?"

முடியாதென்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். இந்த ஆர்டரும் போனால் பட்டறைக்கு வேறு வேலையில்லை, எப்படியோ சமாளிக்கிறேன் என்றார்.

ராகி மாவு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

எங்கள் குடோனில் அண்ணனின் பெட்டிகள் ஈரத்தில் இளகி உட்கார்ந்துவிட்டன. மோட்டார்கள் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே. மெல்லிய அட்டை போட்டிருக்கிறார். அந்த விலைக்கு வேறென்ன போடுவார்?

மதியத்துக்குள் புரோகிராம் அவரைச் சப்ளையர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நீக்கிய மெசேஜும் என் பெயரில். அதிலும் 'அண்ணா'.

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வடமாலபேட்டை போனேன். பட்டறை பாதி ஷட்டர் இறங்கி. ஒடிசா ஆட்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். மெஷினை வாங்க நாயுடுபேட்டையிலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

அண்ணன் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மன்னிச்சிடுங்கண்ணா என்றேன். திரும்பவில்லை. கஸ்தூரி அக்காதான் டீ கொடுத்தார்.

"யார்கிட்டயும் பேசறதில்ல. சோறு துன்னவும் கெஞ்சணும்."

"இனிமே என்னக்கா பண்ணப் போறீங்க?"

"குவைத்துக்கு நான் போறேன். ஊட்டு வேலைக்கு. அவருக்கு சுகரு, மெடிக்கல் டெஸ்ட்ல தள்ளிடுவாங்க." தாழ்ந்த குரலில், "ஏஜெண்டு கைல எனக்குப் பேச வராது. நீ கூட வாம்மா. நீதான் பேரம் பேசறவளாச்சே."

அண்ணனைப் பார்த்தேன். கேட்டும் கேட்காதவர்போல. வருகிறேன் என்றேன். பஸ்ஸில் அழுகை.

ஜூலை 22, திங்கள்

லீவு. சொன்ன காரணம் பல்வலி.

திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பின்னால் ஏஜெண்ட் அறை. கஸ்தூரி அக்கா புதுப் புடவையில். ஏஜெண்ட் எல்லாவற்றையும் தெலுங்கில் மளமளவென்று ஒப்பித்தான். அக்கா தலையாட்டத் தொடங்கினார். மேஜைக்கடியில் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கேட்டவை: குவைத்தில் போன் அக்காவிடமே இருக்க வேண்டும். வேலை செய்யும் வீடு சரியில்லை என்றால் மாற்றித் தர வேண்டும். ஒப்பந்தம் தெலுங்கிலும் ஒரு பிரதி. வாரம் ஒரு நாள் ஓய்வு.

சிரித்தான். நான் பேசாமல் இருந்தேன். அவனே இன்னும் கொஞ்சம் பேசினான். அப்போதும் பேசவில்லை. பிறகு, வேறு ஏஜெண்டைப் பார்க்கிறோம் என்று எழுந்தேன். உட்காரச் சொன்னான்.

போன், சரி. வீடு மாற்றுவது, எழுதிக் கொடுத்தான். பிரதி, சரி. ஓய்வு நாள் மட்டும் கிடையாது. எவ்வளவு கேட்டும் கிடையாது.

அக்கா கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "இதெல்லாம் கேக்கலாமாம்மா?" என்றார். கேட்கலாம் என்றேன். வெயில். கரும்புச்சாறு குடித்தோம். என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

வடமாலபேட்டை வழியாகப் போகும் புத்தூர் பஸ் கிளம்பும்போது படியில் நின்று கேட்டார்: "அரபில 'முடியாது'ன்றதுக்கு என்னாம்மா?"

தெரியவில்லை. செல்லில் தேடிச் சொன்னேன். லா.

"லா," என்றார். கண்டக்டர் உள்ளே போகச் சொன்னார். சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். "லா. லா."